ஏழு நிமிடம்

ரீகாவில் இந்த டிராம்
கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம் நிற்கும்.
இறங்க மறந்தவன் நான் ஒருவன்தான் உள்ளே.
கோட்டுப் பையில் வங்கிக் கடிதம்,
பிரிக்காமலே மனப்பாடம்.

ஓட்டுநர் கையுறையைக் கழற்றினாள்.
சட்டையில் ஸ்கைத்ரீதே என்று பெயர்.
கண்ணாடியில் பார்த்தேன்:
யாரையோ குத்தப் போகிறவள்போல்
இரண்டு முஷ்டியையும் இறுக்கினாள்.
ஐந்து எண்ணியிருப்பாள்.
விட்டாள்.
விரல்கள் மடியில் சரிந்தன,
ஈரத் துணிபோல்.

அடுத்து தோள்.
காதைத் தொடும்வரை தூக்கித்
தொப்பென்று போட்டாள்.
குறுக்கே பாய்ந்த சைக்கிள்,
டிக்கெட் இல்லாத பையனின் வசவு,
தண்டவாளத்தில் உறைந்த பனி,
எல்லாம் தரையில் விழுந்திருக்கும்.
சத்தம்தான் கேட்கவில்லை.

பிறகு முகம்.
எலுமிச்சையைக் கடித்தாற்போல் ஒரு சுருக்கு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
வாய் திறந்தபோதுதான் தெரிந்தது
என் பற்கள் ஒன்றையொன்று
எப்போதிலிருந்தோ பிடித்துக்கொண்டிருந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு
போன மாதத்தை ஓட்டினேன், சரி.
இந்த மாதத்துக்கும் அதே பல்லா?

தாடையை விட்டேன்.
ஒரு நூல் இறங்கியது.
நாக்கு அண்ணத்தைவிட்டு இறங்கிப் படுத்தது.
மூச்சு, யாரும் சொல்லாமலே,
அடிவயிறுவரை போய்
மெல்லத் திரும்பி வந்தது,
வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்ததுபோல.

கடனில் ஒரு யூரோ குறையவில்லை.
வெளியே பனி
அவசரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

மணியடித்தாள்.
"நீங்கள் இறங்கவில்லையா?"
"இல்லை, வந்த வழியே திரும்பணும்" என்றேன்.

டிராம் நகர்ந்தது.
முஷ்டி பிரிந்திருந்த கையால்
கடிதத்தைப் பிரித்தேன்.