மூன்று கிலோ நண்டு

புந்தா அரேனஸ். ஜூன் மாதம்.
காற்று ஆளைத் தூக்கிவிடாமலிருக்க
தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
நகராட்சிப் பள்ளிகளின் கொள்முதல் அலுவலர்
மிரேயா ஓயார்சோ
ஒரு கையில் கயிறும் மறு கையில் கோப்புமாக
வீடு வந்தபோது
வாசலில் ஒரு தெர்மோகோல் பெட்டி.

உள்ளே, பனிக்கட்டி மேல்,
ராஜநண்டு.
கால்கள் கட்டப்பட்டு
யார் கையெழுத்துக்கோ காத்திருப்பதுபோல.
‘குடும்பத்தோடு சாப்பிடுங்கள். அன்புடன்,
பாரியா கணப்பு நிறுவனம்.’

பதினொரு பள்ளிகளுக்குக் கணப்பு வாங்க
வந்திருப்பவை நாலு உறைகள்.
பிரிப்பது வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு.
இன்று புதன்.

ருபேன் உலை வைத்துவிட்டான்.
“ஒரு நண்டுதானே, மிரேயா.”
அந்த ஆள் வீட்டில் நான் கை நனைத்ததில்லை,
என் வீட்டிலேயே என் கையை
நனைக்கப் பார்க்கிறான் என்றாள்.
அடுப்பை அணைத்தாள்.
இரவு உருளைக்கிழங்கு. பேச்சில்லை.

காலையில் பேருந்தில் மடிமேல் பெட்டி.
பாரியாவின் கடைப்பெண்ணிடம்
ரசீது கேட்டு நின்றாள்.
என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.
கடைசியில் எழுதினாள்:
பொருள், நண்டு ஒன்று. எடை, மூன்று கிலோ.
நிலை, உயிரோடு.

வெள்ளிக்கிழமை உறைகள் பிரிந்தன.
பாரியாவின் விலைதான் குறைவு.
ஐந்து வருட உத்தரவாதம்.
உதிரி பாகம் இதே ஊரில்.
முட்டாள்!
ஒன்றும் அனுப்பாமலே ஜெயித்திருப்பானே.

கொடுத்தால், நண்டு வேலை செய்தது என்பார்கள்.
கொடுக்காவிட்டால் அவள் பெயர் வெள்ளை.
அந்த வெள்ளைக்காக
நாலாம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள்
கையுறையோடு பென்சில் பிடிக்க வேண்டும்,
இன்னொரு குளிர்காலம்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினாள்.
வாங்கிக்கொண்ட பரிசுக்கு ஒரு பிரிவு உண்டு.
உயிரோடு திரும்பிய நண்டுக்கு
இல்லை.

ரசீதை மேசை நடுவில் வைத்தாள்.
“முதலில் இதைப் படியுங்கள்.
பிறகு விலைப் பட்டியல்.
அவனைச் சேர்ப்பதா தள்ளுவதா,
நீங்கள் மூவரும் சொல்லுங்கள்.
காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்,
நண்டு என்ற சொல்லை விடாமல்.
நான் வெளியே இருக்கிறேன்.”

நடைவழியின் கணப்பு
போன வருடம் வாங்கியது. அதற்கும் அவள்தான் கையெழுத்து.
எரியவில்லை.
விரல்களை வாயருகே வைத்து ஊதினாள்.
மூன்று முறை கழுவியும் கடல் வாசம்.

நாற்பது நிமிடம்.
உள்ளே யாரோ சிரித்தார்கள்.
நண்டுக்கா, விலைக்கா,
தனக்கா,
கதவு தடிமனாக இருந்தது.