கச்சான் பக்கம்

ஒப்பந்தத்தில் ஏழாவது வரி:
முகம் தினமும் மழித்திருக்க வேண்டும்.
பாசிக்குடாவில் கடலும் அப்படித்தான்,
இடுப்பளவு தூரம்வரை அலையே இல்லாமல்
மழித்த மாதிரிக் கிடக்கும்.

விடிய நாலரை. குழாயில் தண்ணீர் நூலாக.
சுகிர்தனின் றேசர், அவன் பிளேட்,
கைகழுவுகிற சவர்க்காரத்தின் நுரை,
கீழிருந்து மேலே ஒரே இழுப்பு.
ஆறு மணிக்கு முன்மேசையில் நின்று
வணக்கம் என்றேன், ஆயுபோவன் என்றேன், குட் மோர்னிங் என்றேன்.
உப்புக்காற்று கொலருக்குள் புகுந்து
மூன்று மொழியிலும் எரித்தது.

மூன்றாம் நாள் கழுத்துச் சிவந்தது.
ஐந்தாம் நாள் ஒவ்வொரு மயிரின் காலிலும்
ஒரு வெள்ளைப் பொட்டு.
நகத்தால் கிள்ளினேன். அது பிழை.
கொலரில் இரத்தப் புள்ளியைப் பார்த்து
ஒரு ஜெர்மன்காரி கேட்டாள், நுளம்பா?
ஓம் என்றேன்.

வாழைச்சேனை ஆஸ்பத்திரி. துண்டு எண் அறுபத்துமூன்று.
டொக்டர் நஸ்லிஹா, என்னிலும் இளையவர்,
லைட்டைப் பிடித்தார்.
"ஆரிட பிளேட் இது?"
நான் நிலத்தைப் பார்த்தேன்.
"ரெண்டு கிழமைக்குச் சேவ் எடுக்க வேணாம்.
சுடுதண்ணியில துணி நனைச்சு வைங்க, பத்து நிமிஷம், ரெண்டு நேரம்.
களிம்பு மெல்லிசா.
ஊசி, நகம் ஒண்டாலயும் நோண்டப்படாது.
மறுகா எடுக்கக்குள்ள
மயிர் சாயிற பக்கத்துக்குத்தான் எடுக்கணும்."

எந்தப் பக்கம்?
முப்பத்தொரு வருஷம் சுமந்த கழுத்தை
அன்றிரவு விரலால் தடவிப் பார்த்தேன்.
கன்னத்தில் வாடைக்குச் சாய்ந்த வேளாண்மைபோல
எல்லாம் ஒரே பக்கம்.
தாடைக்குக் கீழே திடீரென்று கச்சான்,
குறுக்கே, காதை நோக்கி.
குரல்வளையோரம் ஒரு சுழி,
அதற்குப் பெயர் வைத்த மீனவன் யாருமில்லை.
இத்தனை நாளும் காற்றுக்கு எதிரே வலித்திருக்கிறேன்.
அதுதான் வலித்திருக்கிறது.

மனேஜர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.
தாடியை விருந்தாளிகள் பார்க்கக் கூடாதாம்.
சலவை அறைக்கு அனுப்பினார், துவாய் எண்ண.

அங்கே நீராவி. அமிர்தகலா அக்கா
சின்னத் துவாயொன்றைச் சுடுநீரில் முக்கிப் பிழிந்து
"பிடிகா" என்று எறிவார்.
பத்து நிமிஷத்தையும் அவரே எண்ணினார்,
என் துவாய்க் கணக்கு பிழைத்தது.
ஆறாம் நாள், கதவை ஒருதரம் பார்த்துவிட்டு:
"எனக்கும் கிடக்கு. கமக்கட்டுக்குள்ள.
போன மாசம் ஸ்பாவில போட்டானுகள், கையில்லாத சட்டை.
வழிச்சன். இப்ப கட்டி. கையத் தூக்கேலா.
ஆம்பிள டொக்டரிட்ட எப்பிடிக் காட்டுற?"

பொம்பிளை டொக்டர்தான் என்றேன்.
புதனும் வெள்ளியும். ஆறுக்கே துண்டு எடுக்க வேணும்.
என் களிம்பை அவர் கேட்கவில்லை,
நானும் நீட்டவில்லை.
புதன்கிழமை துவாய்களைத் தனியே எண்ணினேன்.

பதினைந்தாம் நாள் சந்திக்கடையில் சொந்தமாக ஒரு றேசர்.
சுடுதண்ணீர். நிறைய நுரை.
காற்றோடு போனேன்.
சுழியிடம் மட்டும் விட்டுக்கொடுத்தேன்,
அங்கே கொஞ்சம் கருமை நின்றது.
மனேஜர் கிட்ட வந்து கண்ணைச் சுருக்கி
ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஒரு மயிர் மட்டும் இன்னும்
தோலுக்குள் சுருண்டு படுத்திருக்கிறது.
கண்ணாடியில் தெரிகிறது.
விரல் போகிறது.
கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.