பேரேடு

கூட்டுறவுச் சங்கத்தில் கழித்துப்போட்ட கொப்பி,
மட்டையில் பேரேடு என்று மங்கிய தங்க எழுத்து.
வீட்டுக்குக் கொண்டுவந்து
வரவில் தின்றதை எழுதினேன்,
பற்றில் நோவை.

மாசி ஆறு: பாண், சம்பல், மிஞ்சின சொதி.
இடது முழங்கை, பிறகு இரண்டு கணுக்காலும்.
மாசி ஏழு: அதே பாண். ஒன்றுமில்லை.
மாசி எட்டு: விடியப்புறம் விரல் மடக்க ஏலாது.
தேங்காய் துருவவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஏழு தரம் இரத்தம் எடுத்தார்கள்.
ஏழு தரமும் நல்ல இரத்தம்.
கடைசியாக வந்த டொக்டர்ப் பிள்ளை,
என் மகளின் வயதிருக்கும்,
பேனையை மூடிவிட்டுக் கேட்டாள்:
"வீட்டில ஏதும் யோசினையோ அன்ரி?"
யோசினைதான் பிள்ளை.
இது என்னவென்ற யோசினை.

யூஜினியை அங்கேதான் கண்டேன், நம்பர் நாற்பத்திரண்டு.
பாசையூர்க்காரி. அவளுக்குத் தோல் எரியும்,
நிழலில் நின்றாலும்.
அவளுடைய கொப்பி முழுக்க மீன்:
கணவாய் தின்ற நாள், திருக்கை தின்ற நாள்,
ஒன்றும் தின்னாமல் அந்தோனியாரிடம் கிடந்த செவ்வாய்.
நாற்பத்துமூன்று குணநாயகம், மினிபஸ் ஓடினவர்.
பின்னேரம் நாலுக்குக் காய்ச்சல் வரும், ஆறுக்குப் போய்விடும்.
"ரியூசனுக்கு வாற பெடியன் மாதிரி" என்பார்.

வாங்கில் இருந்தபடியே ஆராய்ச்சி.
கிணற்றில்தான் பிழை என்றார் குணநாயகம்.
போத்தலில் அடைத்து, ஆரின் கிணறென்று பேர் ஒட்டி,
ஒரு மாதம் மாறி மாறிக் குடித்தோம்.
"வருத்தம் போகேல்லை அக்கா,
உங்கட கொண்டாவில் தண்ணியில தேத்தண்ணி நல்லாயிருக்கு."

வாதநாராயணி இலையை நல்லெண்ணெயில் காய்ச்சினேன்.
கைதடியில் தந்த சூரணம், தேனில்.
கருஞ்சீரகம் வெறும் வயிற்றில்.
கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய மஞ்சள் குளிசை;
எங்கள் பரம்பரையில்
மஞ்சளைத் தண்ணீரோடு விழுங்கிய முதல் ஆள் நான்.
கத்தரிக்காயை விட்டேன். பிறகு புளி. பிறகு கோதுமை மா.
"இனி விடுறதெண்டால் எங்களைத்தான்" என்றான் மகன்,
உப்பில்லாத கஞ்சியைத் தள்ளி வைத்து.

ஆரோ சொல்லக் கேட்டு யூஜினி
சேங்கொட்டை எண்ணெய் பூசினாள்.
கையெல்லாம் கொப்புளம்.
அதற்கு மட்டும்
டொக்டர் பார்த்த உடனேயே ஒரு பேர் சொன்னார்.

ஆவணியில் குணநாயகம் வரவில்லை.
விசாரித்துக்கொண்டு வார்ட்டுக்குப் போனோம்.
மெலிந்துபோயிருந்தார். சேலைன் இறங்கிக்கொண்டிருந்தது.
தலைமாட்டு அட்டையில் நீளமாக ஓர் இங்கிலீசுப் பேர்.
எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்,
காணி உறுதி வாசிப்பதுபோல்.
"பிடிச்சிட்டாங்கள்" என்று சிரித்தார்.
அவருடைய மனுசி சிரிக்கவில்லை.
யூஜினி தோடம்பழம் உரித்துக் கொடுத்தாள்.

பஸ் நிலையம் வரைக்கும் கதையில்லை.
கச்சான் விற்கிறவனைத் தாண்டும்போது சொன்னாள்:
"எனக்கு எரிச்சலா இருந்ததக்கா."
தோலைத்தான் சொல்கிறாள் என்று எண்ணி
குடையை அவள் பக்கம் சரித்தேன்.
அவள் குடையைத் திருப்பித் தள்ளினாள்.
அப்போதுதான் விளங்கியது.
எனக்கும்தான் என்று சொல்ல வாயெடுக்க
கொண்டாவில் பஸ் வந்துவிட்டது.

புரட்டாதியில் எல்லாவற்றையும் நிறுத்தினேன்,
வருட முடிவில் கணக்குப் பூட்டுவதுபோல.
பத்து நாள் எண்ணெயில்லை, சூரணமில்லை, குளிசையில்லை.
நோ கூடவுமில்லை, குறையவுமில்லை.
சிவப்பு மையில் எழுதிக் கோடு கீறினேன்.
பதினோராம் நாள் இரவு
சட்டியை அடுப்பில் வைத்து அதே எண்ணெயைச் சூடாக்கினேன்.
கணுக்கால் தன் பாட்டில் நீண்டது, காத்திருந்ததுபோல.
இதை வரவில் வைப்பதா பற்றில் வைப்பதா?
இருபத்தாறு வருசம் கணக்கு எழுதியவள்,
தெரியவில்லை.

நாளைக்குக் கிளினிக்.
ஐந்தரைக்குப் போனால்தான் நம்பர்.
யூஜினிக்கென்று இரண்டு போத்தல் நிரப்பி வைத்திருக்கிறேன்.
பழைய துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது,
என் பேர்,
எண்ணெய்க் கை பட்டுப் பாதி அழிந்து.