மூன்று மூச்சு

வேலந்தாவளம் சாவடியில்
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர் கேட்டார்:
என்ன சாமான்?
தண்ணீர் பம்பு என்றாள் ஜைத்தூன்.
முழுப்பொய் இல்லை,
அதற்குள் ஒரு தண்ணீர் பம்பும் இருந்தது.

உக்கடத்தில் முகம் நசுங்கிய காரிலிருந்து
எடைக்கு வாங்கிய இன்ஜின்.
பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது.
இடுப்பு ஒடுங்கிய கடலைக்காய்த் தோடு போல் ஒரு கூடு,
உள்ளே வயிறு புடைத்த முக்கோணம்.
சுற்றுகிறதா, புரள்கிறதா?
பதினெட்டு வருஷம் லாரி டர்போ பிரித்த எனக்கே
சொல் வரவில்லை.

முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கொட்டகை.
ஈரம் பட்டால் இன்னும் எரு மணக்கும்.
இறக்கைகள் உத்தரத்தில் தொங்கின.
ஜைத்தூனின் நோட்டில்
இன்ஜினுக்கு ஒரு பக்கம்
மற்றதெல்லாம் இன்னொரு பக்கம்.
மற்றதில்தான் வீட்டு வாடகையும்.

டர்போ என் பொறுப்பு.
தண்டின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன்,
முடியளவுகூட இல்லை.
லாரிக்கு இது மலை ஏற.
மேலே போகிறவனுக்கு
காற்று மெலியும்போது மூச்சுக் கொடுக்க.
ஆசைப்பட்டு அதிகம் ஊதினால்
பெட்ரோல் தன் முறைக்கு முன்பே வெடிக்கும்,
முனைச் சீல் முறுக்காக நொறுங்கும்,
நொறுங்கியது டர்போ வழியாகத்தான் வெளியேறும்,
போகிற போக்கில் அதையும் கடித்துவிட்டு.
வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கை இளக்கினேன்.
போதும் என்கிற இடத்தில்
அவள் மீட்டர் கண்ணாடியில் நகப்பூச்சால் கோடு போட்டாள்.

ஆடி. கணவாய்க் காற்று
தகரத்தை ஆணியோடு பிடுங்கப் பார்த்தது.
பிளக்கைக் கழற்றி, கேஜைச் செருகி
ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டோம்.
ஒரு சுற்றுக்கு மூன்று மூச்சு வரவேண்டும்.
புஸ், புஸ்,
ப்.

தகரச் சத்தம் என்றேன்.
மூன்றாவது என்றாள்.

கள்ளுக்கடையிலிருந்து நாலு பேர்
வேடிக்கைக்கு வந்து நின்றிருந்தார்கள்.
தென்னையில் சங்கிலி கட்டியாகிவிட்டது.
ஓட்டினால் தானாகப் படிந்துவிடும் என்றேன்.
அவள் பதில் சொல்லாமல்
பேட்டரி வயரை உருவிச் சட்டைப்பைக்குள் என்பதுபோல
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
இரண்டு குறைந்தால் முனைச் சீல்,
ஒன்று மட்டும் குறைந்தால் பக்கச் சீல்.
நீ சொன்னதுதான்.

பிரித்தேன். கோபத்தோடு பிரித்தேன்.
பக்கச் சீலுக்குக் கீழே, நகவெட்டு அகலத்தில்
ஒரு ஸ்பிரிங், தலைகீழாய்.
நோட்டில் எழுதினாள்:
ஸ்பிரிங் தலைகீழ். மாட்டியது சந்தியாகு.
பெயரை விட்டிருக்கலாமே என்றேன்.
காருக்கு விட்டிருப்பேன் என்றாள்.

ஒன்பது நாள் கழித்து
சங்கிலி விறைத்தது.
டர்போ மெல்லச் சிவந்தது, பழுத்த மிளகாய் நிறம்.
முள் நகப்பூச்சுக்கு ஒரு நூல் கீழே நின்றது.
சத்தம் மட்டும் சாவடியைக் கேட்காமல்
தமிழ்நாட்டுக்குள் போனது.

அணைக்கக் கை நீட்டினாள். தடுத்தேன்.
மூன்று நிமிடம் சும்மா ஓடட்டும்,
சூட்டோடு நிறுத்தினால் உள்ளே எண்ணெய் கருகும்.
நின்றோம்.
இரண்டாவது நிமிடத்தில் சொன்னாள்,
காலையில் வாடகை கேட்டு ஆள் வந்தான்.

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்றேன்.