ரசீதின் பின்பக்கம்

ஸோஹாரில் வெள்ளிக்கிழமை.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே ஏசி சொட்டுகிறது, அடியில் மஞ்சள் வாளி.
முத்தரசு மளிகை ரசீதைத் திருப்பிப் போட்டு
நடுவில் கோடு கிழித்தான்.
இந்தப் பக்கம் காரைக்கால்,
அந்தப் பக்கம் மாஹே.

பத்து நாள் விடுப்பு.
ஊரில் யாருக்கும் சொல்லவில்லை,
அவன் வீட்டிலும், என் வீட்டிலும்.
போன முறை முப்பது நாளில்
பதினேழு வீட்டுப் படியேறினோம்.
இரண்டு காதுகுத்து, ஒரு புதுமனை,
பாதியில் நின்ற ஒரு பாகப்பிரிவினை.
எல்லா வீட்டிலும் காப்பி முடிந்ததும்
அதே கேள்வி.
கடைசி வீட்டில் அதைக் கேட்டவனுக்கு
ஆறு வயது.
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரே நிபந்தனை:
நம்மவர் ஒருவரும் இல்லாத ஊர்.
பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரென்றால்
நம் ஆட்கள் குறைவாயிருப்பார்கள்
என்பது அவன் கணக்கு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
நாற்பது மீட்டர் மேலிருந்து பார்த்தால்
ஊர்களும் பெட்டிகள்தாம்,
நிறம் மட்டும் வேறு.

கிளினிக்கில் இமென் சிரித்தாள். துனிசியாக்காரி.
பல் அச்சைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"எங்களையும் அவர்கள்தாம் ஆண்டார்கள்.
போகும்போது இலக்கணத்தை விட்டுவிட்டுப் போனார்கள்.
ஒரு வினைச்சொல் தப்பியதற்கு
வெயிலில் நின்றிருக்கிறேன்.
அதைப் பார்க்கவா காசு கொடுத்துப் போகிறீர்கள்?"
பிறகு மனம் இளகி
இரண்டு சொல் கற்றுக்கொடுத்தாள்:
போன்ஜூர். நோன் மெர்சி.
இரண்டாவது
சொந்தக்காரர்களிடமும் பயன்படுமாம்.

மாஹே பக்கத்தில் அவன் எழுதினான்:
மழை.
ஆறு கடலில் சேருமிடத்தில் நடைபாதை.
ஒரு காலையில் நடந்து முடித்துவிடலாம், ஊரையே.
தெருவுக்குத் தெரு மதுக்கடை
என்று எழுதிவிட்டு
"அதுக்காக இல்ல" என்றான், நான் கேட்காமலே.
கண்ணூர் டிக்கெட் ஒன்பது ரியால் குறைவு.

காரைக்காலை நான் எழுதினேன்.
கலங்கரை விளக்கம். அரசலாறு.
பழைய வீடுகளின் உயரமான ஜன்னல்கள்.
மொழிக்கு நாக்கைத் திருப்ப வேண்டாம்.
ஆனிப் பௌர்ணமி விடுப்பின் நான்காம் நாள்,
மாங்கனித் திருவிழா.
"மாடியிலேர்ந்து மாம்பழம் வீசுவாங்களாம்,"
போனில் வாசித்தான் முத்தரசு,
"கீழ நிக்கிறவங்க முந்தானைய விரிச்சுப் புடிப்பாங்களாம்.
அந்தப் பழம் கெடச்சா..."

அங்கே நிறுத்தினான்.
விரல் திரையில் அப்படியே.
எனக்கு மிச்சம் தெரியும்.
தெரிந்துதான் எழுதியிருந்தேனோ,
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வாளியில் நாலைந்து சொட்டு விழுந்தது.

"காரைக்கால் வேணாம்" என்றான்.
"பஸ் ஸ்டாண்டுகிட்ட
எங்க சின்ன அத்தானோட தம்பி
மொபைல் கடை வெச்சிருக்கான்.
பாத்தா விடமாட்டான்."

எட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.
அவனுடைய சின்ன அத்தானுக்கு
தம்பியே கிடையாது.

பதினேழு வீட்டுக்குப் பயந்து ஓடுகிறவன்
எனக்காகப் புதிதாய் ஒரு சொந்தக்காரனைப் பெற்று
கடையும் வைத்துக்கொடுத்து
அவனிடமிருந்தும் தப்பிக்க வழி சொல்கிறான்.

"ஆமா, அவன் ஒரு தொணதொணப்பு" என்றேன்.

கண்ணூருக்கு இரண்டு டிக்கெட்,
முப்பது கிலோ, ஜன்னலோரம்.

இரவு அவன் அம்மா அழைத்தாள்.
பருத்தி விலை, பம்புசெட்,
பக்கத்து வீட்டுக்காரி பல் கட்டிக்கொண்டது
எல்லாம் முடிந்த பிறகு, திடீரென்று:
"ஏம்ப்பா, கொரலு சந்தோஷமா இருக்கே?"

"ஒண்ணுமில்லம்மா. ஏசி ரிப்பேர் பண்ணியாச்சு."

வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது.
ஓசைப்படாமல் எடுத்துப்போய்
படிக்கட்டு ஓரத்துக் காகிதப்பூவுக்கு ஊற்றி வந்தேன்.
வெறும் வாளியில்
முதல் சொட்டு ரொம்பச் சத்தமாய் விழும்.
பழைய துண்டொன்றை மடித்து
அடியில் போட்டேன்.