தளம் தேடப்படுகிறது

ஔலு. உறைந்த கடல்மேல் நடக்கிறாள் இன்கெரி,
கையுறையில் ஒரு விரலை மட்டும் வெட்டிவிட்டு,
திரையைத் தொட.
மீன்பிடிக் குடிலை வாங்குமுன்
பனியில் நிறுத்திப் பார்க்க ஒரு செயலி.
வெள்ளிக்கிழமை ஒப்படைக்கணும்.

அலுவலகத்தில் எல்லாம் நின்றது.
கம்பளத்தின் பூவேலையைப் பிடித்துக்கொண்டு
சிவப்புக் குடில் அசையாமல் நின்றது.
கேம் எஞ்சினின் பொய்ச்சூரியனுக்கு
நிழல்கூட விழுந்தது.

இங்கே
கேமரா பற்றிக்கொள்ள ஒரு புள்ளி இல்லை.
வெள்ளைக்கு அடுத்து வெள்ளை.
குடில் வழுக்குகிறது, மிதக்கிறது,
ஒருமுறை புகைபோக்கி கீழே பார்க்க
வானத்தில் தொங்கியது.
"தளம் தேடப்படுகிறது" என்கிறது திரை.
அவளே எழுதிய வாக்கியம்.

எரிச்சலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.
திரும்பிப் பிடித்தால்,
தன் பூட்ஸ் மிதித்த குழிகளில்
மஞ்சள் புள்ளிகள் கொத்துக்கொத்தாய்.
குடில் இறங்கியது. உட்கார்ந்தது.

உட்கார்ந்தது ரைமோவின் மேல்.
தூண்டில் துளையருகே, கவிழ்த்த வாளிமேல்
காலையிலிருந்து இருக்கிற மனிதர்.
குடிலுக்கு முன்னால்தான் இருக்கிறார்;
எஞ்சினுக்கு முன் எது பின் எது தெரியாது,
சுவரை அவர்மேலேயே வரைந்துவிட்டது.
பிழை எண் நாற்பத்தொன்று.

படம் எடுத்து அவரிடம் காட்டினாள்.
நெடுநேரம் பார்த்தார்.
"உள்ளே அடுப்பு இருக்கா?"
"அடுத்த பதிப்பில்."

முப்பத்தொரு சதவீதம் மீதமிருக்க
குளிரில் கைப்பேசி செத்தது.
ரைமோ எழுந்து சறுக்குவண்டியை எடுக்கப் போனார்,
நேராகப் போகவில்லை,
சுவர் இருந்த இடத்தைச்
சுற்றிக்கொண்டு.