அரைக் கிண்ணம்

கிசில்ஓர்தாவில் ரயில் என்னை இறக்கிவிட்டபோது
மைனஸ் இருபத்திரண்டு.
கோட்டுப் பையில் ஒரு காகிதம்,
என் கையெழுத்தில் பதினேழு விதிகள்.

வாசற்படியை மிதிக்காதே.
படிக்கு இப்புறமும் அப்புறமுமாக நின்று கை குலுக்காதே.
ரொட்டியைக் குப்புற வைக்காதே.
வீட்டுக்குள் விசிலடித்தால் காசு போய்விடும்.
(எனக்கு விசில் வராது. ஆனாலும் எழுதிவைத்தேன்.)

நீரேற்று நிலையத்தில் பம்ப் பார்க்க வந்தவள் நான்.
குடியிருப்பு இரண்டாவது மாடி.
நான்காவது மாடியிலிருந்து குல்சிம் கூப்பிட்டனுப்பினாள்.
படியை மிதிக்கக் கூடாதென்று
எட்டி வைத்தேன் ஒரு கால்,
கோட்டு மாட்டும் கம்பத்தோடு
சாய்ந்துபோனேன் உள்ளே.

மேசையில் இடமே இல்லை.
குதிரைக்கறி, பொரித்த மாவு உருண்டை, உலர்ந்த பாதாமி,
காகிதம் பிரிக்காத மிட்டாய்க் குவியல்.
முதலில் பால், பிறகு கறுத்த டிகாக்‌ஷன், பிறகு வெந்நீர்.
வந்து சேர்ந்தது அரைக் கிண்ணம்.
அரைக்கும் கொஞ்சம் கீழே.

இத்தனை வைத்தவளுக்குத்
தேநீரில் மட்டும் ஏன் இந்தக் கணக்கு?
எங்கள் பக்கம் இப்படி ஊற்றினால்
கல்யாணமே நின்றுபோகும்.
கடன்வாங்கிய ரஷ்யச் சொற்களில் கேட்டேன்,
விளிம்பை விரலால் தொட்டும் காட்டினேன்:
நிறைய. இதுவரை.

யெர்தோஸ் மெல்லுவதை நிறுத்தினான்.
அவன் தங்கை அம்மாவைப் பார்த்தாள்.
கரண்டி ஒன்று எங்கோ தட்டில் சாய்ந்தது.
"யாராவது காத்திருக்கிறார்களா?" என்றாள் குல்சிம்.
"அதற்குள் கிளம்ப வேண்டுமா?"

இல்லையே என்றேன்.
அப்புறம்தான் யெர்தோஸ் சிரித்தான்,
வாயில் பாதாமியோடு.
நிறைய ஊற்றினால், போய் வா என்று பொருளாம்.
அரையாக ஊற்றினால் ஆறுவதற்குள் தீரும்,
தீர்ந்த கிண்ணம் அம்மா கைக்குப் போகும்,
திரும்பி வரும், மறுபடி போகும்.
"நீங்கள் கேட்டது எங்களுக்குக் கேட்டது,
'என்னைத் துரத்துங்கள்' என்று."

அன்று பதினோரு கிண்ணம் குடித்தேன்.
இரவு பதினெட்டாவது விதியை எழுத எடுத்தால்
கோட்டுப் பையில் பேனா உறைந்துகிடந்தது.

அப்புறம் எல்லா வியாழனும் அங்கேதான்.
போதுமென்றால் கிண்ணத்தின்மேல் உள்ளங்கை வைக்கப் பழகினேன்.
போதுமென்று எப்போதும் நான்தான் முதலில் சொன்னேன்,
மார்ச் மாதம் வரை.

மார்ச்சில் ஒரு வியாழன்.
மூன்றாம் முறை தட்டியபிறகு கதவு திறந்தது.
மேசையில் கவிழ்ந்து கிடந்தது கைபேசி.
யெர்தோஸின் செருப்பு வாசலில் இல்லை.
குல்சிம் என்னை உட்காரச் சொன்னாள்.
வந்தவரைத் தேநீரில்லாமல் அனுப்பும் வழக்கம்
அந்த வீட்டில் இல்லை.

பால்.
டிகாக்‌ஷன்.
வெந்நீர். கை நிற்கவில்லை.
விளிம்புவரை வந்து
தளும்பாமல் நின்றது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

குடித்துமுடித்துப் போவதா, வைத்துவிட்டுப் போவதா?
அதற்கும் காகிதத்தில் விதி இல்லை.
கொதிக்கக் கொதிக்கக் குடித்தேன்.
உள்ளங்கையை ஒருமுறை கிண்ணத்தின்மேல் வைத்தேன்,
பிறகு, எப்படியோ, அவள் கையின்மேல்.
எட்டி வைத்து வெளியே வந்தேன்.

மூன்றாம் மாடிக்கும் இரண்டுக்கும் நடுவே
ஷூ கயிறு கட்டக் குனிந்தபோது நினைத்தேன்,
வெளியே போ என்று என்னிடம்
யாரும் இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.
எனக்குப் புரியுமென்று
நம்பித்தானே ஊற்றியிருக்கிறாள்.

அடுத்த வியாழன் வரை நாக்கு எரிந்தது.